காகம் போட்ட கல்

பால்வாடி விட்டு வந்த நாலு வயதுப் பிள்ளையிடம் எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தாங்க?" பிள்ளை "காக்கா கதை" என்கிறது. "அப்புறம்?" "தண்ணியில கல்லு போட்டோம்." "அப்புறம்?" "அப்புறம் சோறு."

ராஜபாளையத்தில் மில் ஷிப்டு முடிந்து அலுத்து வருகிற அம்மாவுக்கு இந்தப் பதில் போதவில்லை. பக்கத்துத் தெருவில் இங்கிலீஷ் நர்சரிக்குப் போகிற பிள்ளை ஏ முதல் இசட் வரை நிறுத்தாமல் ஒப்பிக்கிறது. நம் பிள்ளை கல் போட்டுவிட்டு வருகிறதே என்று கவலை. அந்தக் கவலை நியாயமானது. பிள்ளை நம்மைவிட நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது அது. அதனால் அதை ஒதுக்கிவிடாமல், ஒரு டீயைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் கல்லைப் பற்றியே பொறுமையாகப் பேசுவோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு வயதுப் பிள்ளை ஒரு கதையை முழுதாகக் கேட்டு, அதில் வருவதைத் தன் கையால் செய்தும் பார்த்துவிட்டால், அன்றைக்கு அது நிறையப் படித்திருக்கிறது.

தாகம் எடுத்த காகத்தின் கதை நமக்கெல்லாம் தெரியும். ஈசாப் சொன்னதாக உலகம் முழுதும் சுற்றி வருகிற பழைய கதை. பானையின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அலகு எட்டவில்லை, காகம் கல்லைப் பொறுக்கிப் போடுகிறது, தண்ணீர் மேலே வருகிறது, குடித்துவிட்டுப் பறக்கிறது. "முயற்சி திருவினையாக்கும்" என்று நீதி சொல்லி முடித்துவிடுவோம். இரண்டு நிமிடம்கூட ஆகாது.

இப்போது இதையே ஒரு கண்ணாடி ஜாடியும், தண்ணீரும், ஒரு கூடைக் கல்லும் வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் கல்லுக்குப் பஞ்சமில்லை, அய்யனார் கோவில் ஆற்றுப் பக்கம் போனால் போதும். ஜாடியில் பாதி தண்ணீர். தண்ணீர் நிற்கிற இடத்தில் ஒரு ரப்பர் பேண்ட். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து ஒரு கல் போடுகிறார்கள். "ஏறிடுச்சா?" "ஏறல டீச்சர்." இன்னொன்று. "இப்ப?" "கொஞ்சூண்டு ஏறியிருக்கு." தண்ணீர் ரப்பர் பேண்டைத் தாண்டியதும் ஒரு கூச்சல் கிளம்பும் பாருங்கள், அது ஒப்பிக்கிறபோது வராத கூச்சல்.

அடுத்த ஜாடியில்தான் பாடம் ஆழமாகிறது. அதில் தண்ணீரை நிஜமாகவே அடியில் கொஞ்சம் மட்டும் ஊற்றுங்கள், கதையில் சொல்கிற மாதிரியே. பிள்ளைகள் கல்லாகப் போடுவார்கள். கல் குவிந்து ஜாடி நிரம்பிவிடும். தண்ணீரோ மேலே வராமல் கல் சந்துக்குள்ளேயே தங்கிவிடும். காரணம் எளிது. கல்லை எப்படிக் கொட்டினாலும் நடுநடுவே சந்து இருக்கும். ஏறக்குறைய ஒரே அளவுக் கூழாங்கல் என்றால் அந்தச் சந்தெல்லாம் சேர்ந்து ஜாடியில் சுமார் ஐந்தில் இரண்டு பங்கு வரும். தண்ணீர் அதைவிடக் குறைவாக இருந்தால் எத்தனை கல் போட்டாலும் வாய் வரைக்கும் வராது. இந்தக் கணக்கைப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அந்த ஜாடியில வந்துச்சு, இதுல ஏன் வரல?" என்று அது கேட்டாலே போதும். கேட்டவுடன் பதிலையும் சொல்லிவிடாதீர்கள். "நீயே பாரேன், தண்ணி எங்க போச்சு?" என்று ஜாடியை அதன் கண் மட்டத்துக்கு நகர்த்தி வையுங்கள். சந்துக்குள் நிற்கிற தண்ணீரை அது விரலால் காட்டும்.

மூன்றாவது ஜாடியில் கல்லுக்குப் பதிலாகத் தெர்மாக்கோல் கட்டி. அது மிதக்கிறது, தண்ணீர் ஏறுவதே தெரியவில்லை. காகம் ஏன் கல்லைத் தேடியது, சுள்ளியையோ சருகையோ ஏன் போடவில்லை என்பது அப்போது விளங்கும்.

இது பிள்ளை விளையாட்டுதானே என்று தோன்றலாம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானிகள் இதையே செய்து பார்த்திருக்கிறார்கள். 2009இல் காக்கை இனத்தைச் சேர்ந்த ரூக் என்ற பறவைகளுக்கு முன்னால் குழாயில் தண்ணீர் வைத்து, அதில் ஒரு புழுவை மிதக்கவிட்டார்கள். பறவைகள் கல்லைப் போட்டுத் தண்ணீரை ஏற்றிப் புழுவை எடுத்தன. 2012இல் இதே மாதிரிச் சோதனையை நாலு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வைத்தார்கள். எட்டு வயதைத் தொட்டவர்கள் பெரும்பாலும் முதல் தடவையிலேயே வழியைப் பிடித்துவிட்டார்கள். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்குப் பறவைகளைப் போலவே, திரும்பத் திரும்பச் செய்து பார்த்த பிறகுதான் பிடிபட்டது. நமக்கு இதில் இருக்கிற சேதி தெளிவானது. இந்த வயதில் கை முதலில் போகிறது, புத்தி பின்னாலேயே வருகிறது. கையைக் கட்டி உட்காரவைத்தால் இரண்டுமே நின்றுவிடும்.

சரி, ஜாடியும் கல்லுமே போதுமே, கதை எதற்கு என்று கேட்கலாம். நல்ல கேள்வி. கதை இல்லாமல் ஜாடியில் கல் போடச் சொன்னால் பிள்ளை நாலு கல் போடும், ஐந்தாவதைப் பக்கத்துப் பிள்ளை மேல் போடும். காகத்துக்குத் தாகம் என்று தெரிந்துவிட்டால் கல்லுக்கு ஒரு காரணம் வந்துவிடுகிறது. காகம் குடிக்க வேண்டுமே என்பதற்காகப் பிள்ளை பொறுமையாக நிற்கிறது, தன் முறைக்குக் காத்திருக்கிறது, எத்தனை கல் என்று எண்ணுகிறது. முதலில், பிறகு, கடைசியில், ஆனால், அதனால் என்கிற சொற்களெல்லாம் கதையோடு சேர்ந்தே நாக்கில் படிகின்றன. பின்னால் ஒரு கணக்கையோ கட்டுரையையோ புரிந்துகொள்ள இந்தச் சொற்கள்தான் கைகொடுக்கும்.

கதையா, கையா என்ற இந்தக் கேள்வியைப் பெரிய ஆசிரியர்களும் கேட்டிருக்கிறார்கள். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அடையாறிலும் கொடைக்கானலிலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். பிள்ளையின் அறிவு அதன் கை வழியாகத்தான் வளர்கிறது என்பது அவர் வாழ்நாள் முழுதும் சொன்னது. ஆனால் ஆறு வயதுக்குள் தேவதைக் கதைகளைக் கொட்டுவதில் அவருக்கு உடன்பாடில்லை. எது நிஜம், எது கற்பனை என்று பிரிக்கத் தெரியாத வயதில் பெரியவர்களின் கற்பனையைத் திணிக்கக் கூடாது என்று நினைத்தார்.

குஜராத்தின் பாவ்நகரில் வக்கீல் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானவர் கிஜுபாய் பதேகா. 1920இல் அங்கே பாலமந்திர் தொடங்கினார். மாண்டிசோரியின் வழியை மிகவும் மதித்தவர், அவர் முறையைத் தன் பள்ளியில் கொண்டுவந்தவர். ஆனால் கதையை மட்டும் அவர் விடவில்லை. கிராமத்துப் பாட்டிகள் சொன்ன கதைகளைத் தேடித் தேடிச் சேர்த்தார், கதை சொல்வது எப்படி என்றே தனி நூல் எழுதினார். தமிழில் 'பகல் கனவு' என்று வந்திருக்கிற அவருடைய புத்தகத்தில், அடங்காத வகுப்பு ஒன்றை ஓர் ஆசிரியர் முதலில் கதை சொல்லித்தான் தன் பக்கம் திருப்புகிறார்.

இருவரில் ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில்லை. மாண்டிசோரியின் எச்சரிக்கைக்குள் ஓர் உண்மை இருக்கிறது: கற்பனையை மட்டும் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு நிஜத்தோடு தொடர்பு குறைவு. அந்தக் குறையை நிரப்புவது கை வேலை. கதையில் காகம் பேசும். ஜாடியில் தண்ணீர் பொய் சொல்லாது. ஒரே காலையில் இரண்டும் கிடைக்கிற பிள்ளை, கதை எது, உலகம் எது என்று தானே பிரிக்கப் பழகுகிறது.

இனி நம் ஊர் பால்வாடிக்குள் வருவோம். பால்வாடி என்று நாம் சொல்கிற அங்கன்வாடிகளை நடத்துகிற ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2இல் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சத்துணவு, எடை பார்த்தல், தடுப்பூசி என்பதோடு பள்ளிக்கு முந்தைய கல்வியும் அதன் கடமைகளில் ஒன்று. சாப்பாடும் முட்டையும் எல்லார் கண்ணுக்கும் தெரிகின்றன. கல்வி கொஞ்சம் மறைந்தே நிற்கிறது. 2019 ஜனவரியில் தமிழ்நாட்டு அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியதும் பலருக்குக் கவனம் திரும்பியது. அங்கன்வாடிப் பணியாளர்கள் கையில் 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற செயல்பாட்டுப் புத்தகம் இருக்கிறது. பேரே சொல்கிறது, இந்த வயதில் ஆட்டமும் பாட்டும் கதையும்தான் பாடம் என்று. ஆகவே டீச்சர் கதை சொல்வது நேரம் போக்க அல்ல, அது அவர் வேலையின் நடுப்பகுதி.

ஒரு கதையை ஒரு வாரத்துக்கு எப்படி விரிப்பது? பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை கதை மட்டும். படம் வேண்டாம், பொம்மை வேண்டாம், குரல் போதும். பாட்டிக்கு ஒரு குரல், காகத்துக்கு ஒரு குரல், நரிக்குக் குழைகிற குரல். பிள்ளைகள் "இன்னொருக்கா" என்பார்கள். அலுக்காமல் இன்னொரு தடவை சொல்லுங்கள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொண்டு கேட்பதில் பிள்ளைக்கு ஒரு தனி ஆனந்தம் உண்டு. முதல் தடவை கதையைக் கேட்கிறது, இரண்டாம் தடவை சொற்களைக் கேட்கிறது.

செவ்வாய்க்கிழமை வடை. கம்மாய்க் கரம்பை மண்ணைச் சலித்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, தட்டி, நடுவில் விரலால் ஓட்டை போட வேண்டும். பிசைவதிலும் உருட்டுவதிலும் உள்ளங்கையும் விரல்களும் வலுவாகின்றன. பென்சிலைப் பிடிக்கிற கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இங்கேதான் தயாராகின்றன. அந்த வலு வருவதற்கு முன்னால் பென்சிலைக் கொடுத்து வரி வரியாக எழுதச் சொன்னால் விரல் வலிக்கும், எழுத்தின் மேல் வெறுப்பும் வரும்.

வடை ஆனதும் எண்ணிக்கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒப்பிப்பது வேறு, எண்ணுவது வேறு. எண்ணுவதற்கு மூன்று விஷயம் தெரிய வேண்டும்: எண்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும், ஒவ்வொரு பொருளையும் ஒரு தடவைதான் தொட வேண்டும், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். இருபது வரை ஒப்பிக்கிற பிள்ளை ஏழு வடையை எண்ணுகிறபோது ஒன்றை இரண்டு தடவை தொடும், இன்னொன்றை விட்டுவிடும். எண்ணிய வடையை ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்கு மாற்றச் சொன்னால் அந்தத் தப்பை அதன் கையே திருத்திவிடும். பிறகு ஒரு பிள்ளை காகமாகப் பறந்து வந்து ஒரு வடையைத் தூக்கிக்கொண்டு ஓடட்டும். "இப்ப எத்தனை?" கழித்தல் என்ற பெயரே தெரியாமல் கழித்தல் நடந்துவிடும்.

புதன்கிழமை உளுந்து. முதல் நாள் சாயங்காலம் ஆயா ஒரு டம்ளர் உளுந்தை ஊறப்போட்டு வைக்கட்டும். காலையில் அதை அளந்தால் ஒரு டம்ளரில் அடங்காது. பக்கத்தில் ஊறாத உளுந்தையும் வையுங்கள். ஒன்று கெட்டி, ஒன்று மெத்து. ஒன்று சின்னது, ஒன்று பெரியது. தோல் நழுவுகிறது. "தண்ணியக் குடிச்சிருச்சு டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லும். அதைவிட நல்ல விளக்கம் நமக்கும் கிடைக்காது.

வியாழக்கிழமை கடை. பாட்டி கடை போடுகிறாள், மற்றவர்கள் வாங்க வருகிறார்கள். பனங்கொட்டையோ பெரிய சோழியோ காசு. "ஒரு வடை ரெண்டு காசு." பேரம் நடக்கும், கடன் கேட்பார்கள், வரிசையில் சண்டை வரும், தீரும். கூச்சத்தில் வாயே திறக்காத பிள்ளை பாட்டியாக உட்கார்ந்ததும் கணீரென்று பேசுவதைப் பார்க்கலாம். தன்னை விட்டு இன்னொருவராக மாறுகிறபோது கூச்சம் கழன்றுவிடுகிறது.

வெள்ளிக்கிழமை நாடகமும் ஒரு சோதனையும். காகத்தின் வாயிலிருந்து வடை ஏன் விழுந்தது? ஆளுக்கொரு வேப்பிலையை உதட்டுக்கு நடுவே வைத்துக்கொண்டு "ம்ம்ம்" சொல்லட்டும். இலை நிற்கும். இப்போது "கா" சொல்லட்டும். இலை விழும். உதடு திறந்தால்தான் "கா" வரும் என்பதைப் பிள்ளை தன் வாயாலேயே கண்டுபிடிக்கிறது. எந்த ஒலி வாயில் எப்படிப் பிறக்கிறது என்று கவனிக்கிற இந்தப் பழக்கம் நாளைக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கிறபோது உதவும். கடைசியில் ஒரு கேள்வி: "நீங்க காக்காவா இருந்தா என்ன செய்வீங்க?" காலில் வடையை இடுக்கிக்கொண்டு பாடுவேன் என்று ஒன்று சொல்லும். நரிக்குப் பாதி கொடுப்பேன் என்று ஒன்று சொல்லும். பாட்டியிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன் என்று ஒன்று சொல்லும். மூன்றுமே சரி. நீதியை நாம் சொல்லியிருந்தால் இந்த மூன்றும் வெளியே வந்திருக்காது.

அடுத்து அயல்நாட்டுக் கதைகள். அவற்றையும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், நம் ஊர்ச் சாமானோடு.

மூன்று கரடிகள் கதையில் பெரிய கிண்ணம், நடுக் கிண்ணம், சின்னக் கிண்ணம் வரும். கிண்ணத்தில் கம்பங்கூழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். செண்பகத்தோப்புப் பக்கம் காட்டில் கரடி உண்டு என்பது ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகள் கேள்விப்பட்டதுதான். வீட்டிலிருந்து வந்த சொம்புகளையும் டம்ளர்களையும் அளவு வாரியாக அடுக்கட்டும். பெரிய சொம்புக்குப் பெரிய கரண்டி, சின்ன டம்ளருக்குச் சின்னக் கரண்டி என்று ஜோடி சேர்க்கட்டும். இரண்டு வரிசைகளை ஒன்றோடொன்று பொருத்துவது இந்த வயதுக்குப் பெரிய கணக்கு. இந்தக் கதையை 1837இல் இங்கிலாந்துக் கவிஞர் ராபர்ட் சதே அச்சில் போட்டபோது கரடி வீட்டுக்குள் நுழைந்தது ஒரு கிழவி. பின்னால் வந்தவர்கள்தான் அவளைச் சின்னப் பெண்ணாக மாற்றினார்கள். சொல்கிறவர் கையில் கதை மாறுவது வழக்கம்தான். நாமும் மாற்றிச் சொல்லலாம்.

அவரை விதை வானம் வரை வளர்கிற ஜாக் கதைக்கு ராஜபாளையத்தைவிடத் தோதான ஊர் ஏது? பஞ்சுக்கும் நூலுக்கும் பேர் போன ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். ஒரு சிரட்டையில் ஈரப் பஞ்சையோ மடித்த பேண்டேஜ் துணியையோ வைத்து, அதில் மொச்சை விதையை ஊன்றுங்கள். சில நாளில் முளை வரும். ஒவ்வொரு நாளும் முளையின் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டிச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். நூல் நாளுக்கு நாள் நீளும். பிள்ளைகள் வரைபடம் ஒன்றைத் தாங்களே உண்டாக்கிவிட்டார்கள், அளவுகோலைத் தொடாமலே. இன்னொரு சிரட்டையை இருட்டு அலமாரியில் வைத்தால் அந்தச் செடி வெளுத்து, நீண்டு, துவண்டு நிற்கும். வெயில் செடிக்கு எதற்கு என்று பிறகு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

ராட்சத முள்ளங்கியைப் பிடுங்குகிற ரஷ்யக் கதையைச் சோவியத் புத்தகங்கள் தமிழில் மலிவாகக் கிடைத்த காலத்தில் படித்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். தாத்தா இழுக்கிறார், வரவில்லை. பாட்டி சேர்கிறாள், பேத்தி சேர்கிறாள், நாயும் பூனையும் சேர்கின்றன. கடைசியில் ஓர் எலி சேர்ந்ததும் வந்துவிடுகிறது. தை மாதம் என்றால் பனங்கிழங்காக மாற்றிச் சொல்லுங்கள்; நாய் நிச்சயம் ராஜபாளையம் நாய்தான். மணல் மூட்டையைக் கயிற்றில் கட்டி ஒரு பிள்ளை இழுக்கட்டும், பிறகு இரண்டு, பிறகு நாலு. ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேர் ஓடுவதை அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைக்கு ஊர் கூடி வடம் பிடிப்பது என்றால் என்னவென்று தெரியும். அந்த மூட்டைக்கு அடியில் உருண்டைக் கம்புகளை வைத்துவிட்டு மறுபடி இழுக்கச் சொல்லுங்கள். லேசாக வரும். தேருக்குச் சக்கரம் எதற்கு என்று ஒரு பிள்ளையாவது யோசிக்கும்.

மூன்று பன்றிக்குட்டிகள் கதையில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். வைக்கோலில் வீடு கட்டியவன் சோம்பேறி, செங்கலில் கட்டியவன் புத்திசாலி என்பது அந்தக் கதையின் தீர்ப்பு. நம் ஊரில் ஓலை வீட்டிலிருந்து வருகிற பிள்ளையும் அந்த வட்டத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் அப்பா சோம்பேறி அல்ல. ஆகவே தீர்ப்பை எடுத்துவிட்டுக் கேள்வியை மட்டும் வைத்துக்கொள்வோம். பனை ஓலையில் ஒன்று, சுள்ளியில் ஒன்று, செங்கல் துண்டும் மண்ணும் வைத்து ஒன்று என்று மூன்று குட்டி வீடுகள். விசிறியால் வீசினால் எது நிற்கிறது? செம்பிலிருந்து தண்ணீரைத் தெளித்தால் எது ஒழுகுகிறது? மத்தியான வெயிலில் வைத்துவிட்டு உள்ளே கை விட்டால் எது குளுமை? காற்றுக்குச் செங்கல் ஜெயிக்கும். வெயிலில் ஓலை வீடும் தலை நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அறிவு இருக்கிறது என்று பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

கண்ணுக்கு எதிரில் கிடைப்பதைக் கொண்டு கதைக்கு உருவம் கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையில் இருக்கிற கிளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் புதிதாகச் செய்கிறார்கள்: மரவள்ளி இலையில் உடம்பு, மாதுளம்பூவில் அலகு, மூங்கில் குச்சியில் கால். ஒரு கதையின் பறவையை இலையாலும் பூவாலும் தினமும் திரும்ப உண்டாக்கத் தெரிந்த ஊர் இது. பிள்ளைகளும் தங்களுக்குப் பிடித்த பறவையை இலையில் செய்து பார்க்கட்டும். நாலு பிள்ளை செய்தால் நாலு மாதிரி வரும். ஒன்றைப் போல இன்னொன்று இருக்க வேண்டும் என்று மட்டும் திருத்திவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் பல வீடுகளில் தெலுங்கு பேசுகிறார்கள். பாட்டியிடம் தெலுங்கில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை பால்வாடிக்கு வந்த புதிதில் தமிழில் தயங்கி நிற்கும். அதன் கைக்கு அந்தத் தயக்கம் இல்லை. கல்லைப் போடுகிறபோது, வடையைத் தட்டுகிறபோது அது எல்லாரோடும் சமமாகிவிடுகிறது. செய்கிற வேலைக்குப் பின்னாலேயே சொல்லும் வந்து சேர்கிறது. அந்தப் பாட்டியையும் ஒருநாள் அழைத்து வந்து கதை சொல்லச் சொல்லுங்கள். கோவில்பட்டிப் பக்கம் இடைசெவலில் பிறந்த எழுத்தாளர் கி. ராஜநாராயணன் கரிசல் காட்டுக் கிழவிகளும் சம்சாரிகளும் சொன்ன கதைகளைத் தேடிச் சேர்த்து அச்சில் நிலைநிறுத்தினார். நம் தெருவிலும் அப்படி ஒரு களஞ்சியம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

பிள்ளை சொல்லும் கதையையும் கேட்க வேண்டும். சிகாகோவில் நெடுங்காலம் மழலையர் வகுப்பு எடுத்த விவியன் பேலி என்ற ஆசிரியை ஒரு முறை வைத்திருந்தார். பிள்ளை சொல்லச் சொல்ல அந்தக் கதையை அப்படியே எழுதிக்கொள்வார். பிறகு வகுப்பே சேர்ந்து அதை நடிக்கும். "நாய் வந்துச்சு. அம்மா வந்தாங்க. நாய் போயிருச்சு" என்பதும் முழுக் கதைதான். தான் பேசியது எழுத்தாகித் திரும்பப் படிக்கப்படுவதைப் பார்க்கிற பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று புரிந்துவிடும். காரணம் புரிந்த பிறகு ஏ, பி, சி, டியும் அ, ஆவும் வருவதற்கு வெகுநாள் ஆகாது.

பத்திரம் பற்றியும் சொல்லிவிட வேண்டும். புளியமுத்து, மொச்சை, சின்னக் கல் எல்லாம் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் போகிற சாமான்கள். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அவற்றை வைக்கவே கூடாது. கல் என்றால் பிள்ளையின் வாய்க்குள் நுழையாத அளவில் இருக்க வேண்டும். விதை ஊன்றுகிறபோது டீச்சர் பக்கத்திலேயே இருந்து, எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். தண்ணீர் வைத்த வாளியை வேலை முடிந்ததும் கொட்டிவிட வேண்டும். கூழ் கதைக்கும் வடை கதைக்கும் அடுப்பு தேவையில்லை.

இவ்வளவும் நடக்கப் பெரிய செலவு இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டியது நேரம்தான், அதுதான் நம் பால்வாடி டீச்சர்களிடம் குறைவாக இருக்கிறது. எடை பார்த்துப் பதிய வேண்டும், 2021 முதல் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும், வீடு வீடாகக் கணக்கெடுக்க வேண்டும். வாக்காளர் பட்டியல் வேலையும் பலர் தலையில் விழுகிறது. ஒரு கையில் போனும் மறு கையில் பதிவேடுமாக இருப்பவர் எந்தக் கையால் ஜாடியைப் பிடிப்பார்? காலையில் இரண்டு மணி நேரம் பிள்ளைகளுக்கு மட்டும், அந்த நேரத்தில் வேறு எந்த வேலையும் கேட்கக் கூடாது என்று அதிகாரிகள் உறுதி தர வேண்டும். பெற்றோரான நாம் அதை மனுவாக எழுதிக் கேட்க வேண்டும். கூடவே ஒரு கூடைக் கல்லையும், பழைய சொம்பையும், கதை தெரிந்த பாட்டியையும் பால்வாடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம் வேலை. ஏ, பி, சி, டி சொல்லித்தர ஒன்றாம் வகுப்பு காத்திருக்கிறது. நாலு வயது யாருக்காகவும் காத்திருக்காது.